சாக்குக்கு இரண்டு கிலோ

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

மாசி மாதத்து இரவு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இலங்கை மலையகத்தில் நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில், ரதி மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்து நடந்துகொண்டிருக்கிறது. கம்பம் நட்டுப் பல நாளாகிவிட்டது. தப்புச் சத்தம் பணிய லயத்து வரிசை வீடுகளிலிருந்து மேட்டு லயம் வரை கேட்கிறது. பனி இறங்குகிற நேரம். கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சனங்கள் களத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். குறவனும் குறத்தியும் வந்து ஒருவரையொருவர் சீண்டிப் பேசுகிற கட்டம். "என்மேல் உனக்கு எவ்வளவு ஆசை?" என்று குறத்தி கேட்கிறாள். குறவன் ஒரு கையைத் தராசு மாதிரி தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்து, "பதினெட்டுக் கிலோ" என்கிறான். குறத்தி வெட்கப்பட்டுத் திரும்புகிறாள். அவள் முழுவதும் திரும்புவதற்குள், "சாக்குக்கு இரண்டு கிலோ கழிவு" என்கிறான்.

அன்றைக்குக் களத்தில் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பெண்கள் பக்கம்தான் அதிகம். என் அம்மாயி கண்ணில் நீர் வரச் சிரித்தார். கொழும்பில் கடை வேலை பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்தவர் ஒருவர், தானும் சிரித்துவிட்டு, "இதற்கு ஏன் இவ்வளவு சிரிப்பு?" என்று என் மாமாவிடம் கேட்டார். ஆசையைத் தராசில் நிறுப்பது அவருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கிறது. அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. அந்த மாதம் முழுவதும் எங்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கென்று இரண்டு கிலோ கழித்துக்கொண்டிருந்தார்கள். மழையில்லாத நாளிலும் கழித்தார்கள். அதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேச முடியாமல் இருந்தது. நிறுவை பார்த்தவரும் அன்று கூத்துக் களத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பலர் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பேச்சுக்கும் ரதி மன்மதன் கதைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. கதை தன்பாட்டில் போனது. விடிவதற்குள் சிவனின் நெற்றிக்கண் திறந்தது, மன்மதன் எரிந்தான், ரதி அழுதாள். வருடா வருடம் நடக்கிற அதே கதை. அதற்குள்ளே தெரிந்தவர்களுக்கென்று ஒரு சிறு பொதி கட்டி வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிற பெரிய திரைக்கதைகளில் ரசிகர்களுக்காக ஒளித்துவைக்கப்படும் அடையாளங்களைப் பற்றிப் பேச வாருங்கள் என்று என்னை அழைத்தபோது, என் மனம் முதலில் அந்தக் களத்துக்குத்தான் போனது. அமெரிக்கப் படங்களில் வருகிற விஷயம் என்று பிள்ளைகள் இதைச் சொல்கிறார்கள். நமக்கு இது புதிது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய கதையையும் அவர்களுடைய இடத்தில் வைத்துச் சரியாகச் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு என்னிடம் படிக்கிற பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். கையில் தந்தையின் கைத்தொலைபேசி, கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். பிக்சார் நிறுவனம் 1995இல் எடுத்த 'டாய் ஸ்டோரி' படத்தை ஓரிடத்தில் நிறுத்தி என் முன்னே நீட்டினான். ஒரு காரின் பின்பக்கம். இலக்கத் தகட்டில் ஏ113 என்று இருந்தது. "சேர், இதே இலக்கம் மீன் படத்திலும் இருக்கிறது" என்றான். அவன் சொன்னது 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ'. அதில் கடலுக்குள் இறங்குகிற ஒருவரின் புகைப்படக் கருவியில் அந்த எழுத்தும் இலக்கமும் இருக்கின்றன. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஒரே படத்தைப் பத்துத் தடவை பார்க்கிற பிள்ளை, ஆகையால் கண்ணில் பட்டிருக்கிறது.

அது ஒரு வகுப்பறையின் இலக்கம். கலிபோர்னியாவில் உள்ள கால்ஆர்ட்ஸ் என்ற கலைக் கல்லூரியில் அசைவூட்டப் படம் வரையக் கற்றவர்கள் உட்கார்ந்து படித்த அறை. ஜான் லாசெட்டர், பிராட் பேர்ட் போன்றவர்கள் அங்கே படித்தவர்கள். பின்னாளில் படமெடுக்க வந்தபோது தங்கள் வகுப்பறை இலக்கத்தை ஏதாவது ஒரு மூலையில் எழுதிவைக்கத் தொடங்கினார்கள். பிராட் பேர்ட் 1987இல் ஒரு தொலைக்காட்சிப் படத்திலேயே அதை வைத்துவிட்டார். எலி சமைக்கிற கதையில் ஓர் எலியின் காதில் தொங்கும் அட்டையில் அது வருகிறது. 2008இல் வந்த 'வால்-ஈ'யில் கதைக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பூமிக்குத் திரும்ப வேண்டாம் என்று கப்பலின் இயந்திரத்துக்குக் கொடுக்கப்பட்ட இரகசியக் கட்டளையின் பெயரே ஏ113தான்.

பையன் என்னிடம் கேட்டான்: "சேர், அவர்கள் ஏன் இதை வெளியே சொல்லிவிடவில்லை?"

நல்ல கேள்வி. பதிலுக்கு நான் அவனுக்கு வேறொரு கதையைச் சொன்னேன்.

1970களின் இறுதியில் அமெரிக்காவில் அட்டாரி என்ற நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டியில் பொருத்தி விளையாடும் விளையாட்டுகளை விற்றுக்கொண்டிருந்தது. ஒரு விளையாட்டை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒருவரே உட்கார்ந்து உருவாக்குவார். ஆனால் பெட்டியில் அவர் பெயர் இருக்காது. நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கும். வாரன் ராபினெட் என்ற இளைஞர் 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டைச் செய்தார். கோட்டைகள், டிராகன்கள், இருட்டுப் பாதைகள் என்று பல அறைகள் கொண்ட விளையாட்டு. அதற்குள் யாருக்கும் சொல்லாமல் இன்னோர் அறையைக் கட்டினார். அந்த அறைக்குள் போக வேண்டுமென்றால் முதலில் ஒரு புள்ளியைக் கண்டெடுக்க வேண்டும். பின்னணியின் சாம்பல் நிறத்திலேயே, திரையில் இருக்கக்கூடிய மிகச் சிறிய அளவில் ஒரு புள்ளி. அதைத் தூக்கிக்கொண்டு குறிப்பிட்ட ஒரு சுவருக்குப் போனால் வழி விடும். உள்ளே போனால் எழுத்துகள் நிறம் மாறி மாறி மின்னும்: உருவாக்கியவர் வாரன் ராபினெட்.

அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மேலதிகாரிகளுக்குத் தெரியாது. 1980இல் ஓர் ஊரிலிருந்து ஒரு பள்ளிப் பையன் எழுதிய கடிதம்தான் நிறுவனத்துக்குச் செய்தி சொன்னது. அந்த அறையை அழிக்க வேண்டுமென்றால் செலவு. அங்கே பொறுப்பில் இருந்த ஸ்டீவ் ரைட் என்பவர், இருக்கட்டும், இனி வரும் விளையாட்டுகளிலும் இப்படி வைப்போம் என்றார். ஈஸ்டர் நாளில் பிள்ளைகள் தேடி எடுப்பதற்காகத் தோட்டத்தில் முட்டைகளை ஒளித்துவைக்கும் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டார். இன்று உலகமெங்கும் இந்த மறைவான விஷயங்களை ஈஸ்டர் முட்டை என்று அழைப்பதற்கு அதுவே காரணம்.

இதை நான் முதலில் படித்த அன்று எனக்குத் தேயிலைப் பெட்டி நினைவுக்கு வந்தது. மரப்பெட்டியின் பக்கவாட்டில் அச்சுத்தகடு வைத்துக் கறுப்பு மை பூசி எழுதுவார்கள். தோட்டத்தின் பெயர் இருக்கும். தூளின் தரம் இருக்கும். நிறை இருக்கும். பெட்டி இலக்கம் இருக்கும். என் அம்மாயி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். கடல் தாண்டிப் போன எத்தனை பெட்டிகளுக்குள் அவருடைய கைக்கொழுந்து போயிருக்கும்? ஒரு பெட்டியிலும் அவர் பெயர் இல்லை. செக்ரோல் என்ற ஆள்பதிவுப் புத்தகத்தில் இலக்கம் மட்டும் உண்டு. ராபினெட் அந்தப் புள்ளியைப் பின்னணியின் நிறத்திலேயே செய்தாரே, அதை என்னால் வெறும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நம்மவர்கள் பெயர் வைத்துப் பழி தீர்த்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம். தோட்டத்துக்குத் துரை வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று. பலகையிலும் கடிதத்திலும் அது இருக்கும். நம் சனங்கள் வைத்த தமிழ்ப் பெயர் இன்னொன்று. கங்காணியின் பெயரிலோ, மரத்தின் பெயரிலோ, கோயிலின் பெயரிலோ இருக்கும். பஸ்ஸில் ஏறி ஆங்கிலப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்பவர் வெளியூர் என்று நடத்துநருக்கே விளங்கிவிடும். வரைபடத்தில் இல்லாத அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டே நூறு ஆண்டுகளுக்கு மேல் நாம் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டோம்.

சரி, திரைப்படத்துக்கு வருகிறேன். இதில் ஒரு பகுதி நம் மலைகளிலேயே நடந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு ஆவல்.

அமெரிக்கத் திரைப்பட இயக்குநர்களான ஜார்ஜ் லூகாஸ், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இருவரும் நண்பர்கள். லூகாஸின் முதல் முழுநீளப் படம் 1971இல் வந்தது. அதன் தலைப்பு 'டிஎச்எக்ஸ் 1138'. அவருடைய இரண்டாவது படத்தில், 1973இல், ஒரு மஞ்சள் காரின் இலக்கத் தகட்டில் அந்தத் தலைப்பின் எழுத்துகளும் 138ம் இருக்கின்றன. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தபோது, கைதி ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறோம் என்று சொல்லும் இடத்தில் சிறைக்கூடத்தின் இலக்கமாக 1138 வருகிறது. முதற்படம் ஓடவில்லை. ஆனால் அந்த இலக்கத்தை அவர் கைவிடவில்லை. முதற்பிள்ளைமேல் தகப்பனுக்கு இருக்கிற பிடிப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு இருவரும் சேர்ந்து இந்தியானா ஜோன்ஸ் கதைகளை எடுத்தார்கள். 1981இல் வந்த முதற்படத்தின் தொடக்கத்தில் நாயகன் ஒரு சிறிய நீர்விமானத்தில் ஏறித் தப்புகிறான். விமானத்தில் எழுதியிருக்கும் பதிவெழுத்துகள் ஓ, பி, சி, பி, ஓ. முதலிரண்டு எழுத்து ஓபி-வான் என்ற 'ஸ்டார் வார்ஸ்' முதியவரைக் குறிக்கிறது, மற்ற மூன்றும் சி-3பிஓ என்ற பொன்னிற இயந்திர மனிதனை. இதில் என்னை மிகவும் கவர்ந்தது வேறு. கதை நடப்பது பெரு நாட்டில். பெரு நாட்டு விமானங்களின் பதிவு உண்மையிலேயே ஓ, பி என்றுதான் தொடங்கும். தெரியாதவர் பார்த்தால் ஒழுங்கான பெரு நாட்டு விமானம். தெரிந்தவர் பார்த்தால் பழைய சிநேகிதரின் பெயர். இரண்டு பேரும் ஏமாறவில்லை. அதே படத்தில் நிலத்தடி மண்டபம் ஒன்று வருகிறது. அங்கே பழைய எகிப்தியச் சித்திர எழுத்துகளுக்கு நடுவே, அந்தப் பொன்னிற இயந்திர மனிதனும் அவனுடைய குள்ள நண்பனும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். விளக்கு வெளிச்சம் குறைவு. நாயகனின் கையும் பெட்டியும் நம் கண்ணை இழுத்துக்கொண்டிருக்கும். நானே நான்காம் தடவைதான் கண்டேன்.

இரண்டாவது படம் 'டெம்பிள் ஆஃப் டூம்', 1984இல் வந்தது. அது 1935ஆம் ஆண்டு ஷாங்காய் நகரத்து இரவு விடுதி ஒன்றில் தொடங்குகிறது. நாயகன் தப்பிக் காரில் பாயும்போது ஒரு கணம் விடுதியின் பெயர்ப்பலகை தெரிகிறது: கிளப் ஓபி வான்.

கதைப்படி அடுத்துப் போவது இந்தியா. ஆனால் கதையில் இந்தியாவைக் காட்டிய விதத்தை இந்திய அரசு ஏற்கவில்லை, படப்பிடிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. பாம்பும் குரங்கு மூளையும் பரிமாறுகிற அந்த விருந்துக் காட்சியை என்னாலும் இன்றுவரை சகித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை. ஆகவே 1983இல் படக்குழு கண்டிக்கு வந்தது. கதையில் வரும் வறண்ட கிராமத்தை ஹந்தானையில், தேயிலைத் தோட்டத்து நிலத்தில் அமைத்தார்கள். புகழ்பெற்ற அந்தக் கயிற்றுப் பாலத்தை மகாவலிப் பள்ளத்தாக்கில் கட்டினார்கள். அப்போது விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. அணை கட்ட வந்த பொறியியலாளர்களின் உதவியோடுதான் அந்தப் பாலம் தொங்கவிடப்பட்டது. பாலத்தை நிஜமாகவே அறுத்தார்கள். ஒரே ஒரு தடவைதான் எடுக்க முடியும். கை கால் அசைக்கும் பொம்மைகள் அதிலிருந்து விழுந்தன. அதே ஆண்டு ஜூலையில் இந்த மலைநாட்டில் நம் சனங்களுக்கு என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டைச் சொல்லும்போது அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

அந்தப் படத்தை நான் பார்த்தது எண்பதுகளின் முடிவில், எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது குழந்தைக் காப்பகத்தில். வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் சேர்த்து, நகரத்திலிருந்து தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் வாடகைக்குக் கொண்டுவருவார்கள். ஓர் இரவுக்கு நான்கு படம். முதல் மூன்றும் தமிழ். நான்காவது, வாலிபர்கள் கேட்டு வாங்கிய ஆங்கிலப் படம். அது தொடங்கும்போது விடியற்காலை மூன்று மணி இருக்கும். பாதிப்பேர் சீமெந்துத் தரையில் சாக்கு விரித்துத் தூங்கிவிட்டார்கள். அம்மா தூங்கவில்லை. மடியில் என் தம்பி. ஆங்கிலம் எங்களில் ஒருவருக்கும் சரியாக விளங்காது. ஓட்டமும் சண்டையும் விளங்கின, அது போதுமாக இருந்தது.

கிராமத்துக் காட்சி வந்தது. இந்தியாவில் ஒரு கிராமம் என்று வாலிபர் ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மெலிந்த கிராமத்தவர்கள், அவர்களின் தலைவர், ஒரு கிழவர். அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "சிங்களம் பேசுகிறார்கள்" என்றார். வாலிபர் நம்பவில்லை. அம்மா பள்ளிக்கூடம் போனது மூன்று வருடம். ஆனால் பக்கத்துக் கிராமத்துப் பெண்களோடு சந்தைக்குப் போய் வந்து சிங்களம் நன்றாகப் பழகியிருந்தார். தலைவர் பேசியதைத் துண்டு துண்டாக எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். தூங்கியவர்களில் இரண்டொருவர் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

இந்திய மண் என்று உலகத்துக்குக் காட்டப்பட்ட இடம் ஹந்தானை, அங்கே பேசிய மொழி சிங்களம். அதை இயக்குநர் மறைத்துவைக்கவில்லை. இங்குள்ளவர்களை நடிக்கவைத்தார், அவர்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். அந்தக் கிழவராக நடித்த டி. ஆர். நாணயக்கார சிங்களத் திரையுலகில் பெயர்பெற்றவர். அவருக்கு ஆங்கிலம் வராது. ஸ்பீல்பெர்க் திரைக்கு வெளியே நின்று ஒவ்வோர் ஆங்கில வரியாகச் சொல்லச் சொல்ல, அவர் கேட்டுத் திருப்பிச் சொன்னார். அந்தப் பேச்சின் நடுவே வரும் நீண்ட இடைவெளிகள், அடுத்த வரிக்காக அவர் காத்திருந்த நேரம். படம் பார்த்த வெளிநாட்டவர்கள் அதை ஒரு ஞானியின் நிதானம் என்று எண்ணியிருப்பார்கள்.

விமானத்தின் எழுத்தையும் விடுதியின் பலகையையும் தேடிக் கண்டுபிடிக்கிற உலகத்து ரசிகர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பலருக்குக் கேட்டிருக்க முடியாத ஒன்று, அன்று பிள்ளை மடுவத்தில் என் அம்மாவுக்குக் கேட்டது.

இன்னொரு தற்செயலையும் சொல்லிவிடுகிறேன். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் கித்துல்கலையைக் கடந்துதான் போகிறோம். அங்கே களனி ஆற்றின்மேல் ஒரு மரப்பாலம் கட்டி, அதன்மேல் ரயிலையும் ஓடவிட்டு, வெடிவைத்துத் தகர்த்துப் படமெடுத்தார்கள். 1957இல் வந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்'. அதில் பிடிவாதக்கார ஆங்கிலேயத் தளபதியாக நடித்து ஆஸ்கர் பரிசு வாங்கியவர் அலெக் கின்னஸ். இருபது ஆண்டுகள் கழித்து 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஓபி-வானாக வந்தவரும் அவரே. அவர் நடந்த பாலம் கித்துல்கலையில், அவர் வேடத்தின் பெயரைப் பலகையில் தாங்கிய படத்தின் ஒரு பகுதி வளர்ந்தது கண்டியில். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. இருந்தாலும் அந்த வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் எனக்கு ஷாங்காய் விடுதியின் பலகை நினைவுக்கு வருகிறது.

அந்த இரு நண்பர்களும் படங்களின் வழியே கடிதம் எழுதிக்கொண்டார்கள் என்றே சொல்லலாம். 1982இல் ஸ்பீல்பெர்க் எடுத்த 'ஈ.டி.' படத்தில், வேற்றுக்கிரகத்துப் பிராணி தெருவில் ஒரு பிள்ளையைப் பார்க்கிறது. அந்தப் பிள்ளை 'ஸ்டார் வார்ஸ்' கதையில் வரும் யோடாவின் வேடம் போட்டிருக்கிறது. தன் இனத்தான் என்று நினைத்து அது அவன் பின்னால் போகப் பார்க்கிறது. அந்தக் கணத்தில் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் யோடாவுக்கென்று தாம் முன்பு போட்ட மெட்டை மெல்ல வாசிக்கிறார். பதினேழு வருடம் கழித்து, 1999இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் லூகாஸ் பதில் எழுதினார். பெரிய சபை ஒன்றில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் அமர்ந்திருக்கும் காட்சியில், ஓர் ஆசனத்தில் ஈ.டி.யின் இனத்தவர் சிலர் இருக்கிறார்கள்.

வானொலியில் பேசுகிறேன் என்பதால் காதுக்குரிய ஒன்றையும் சொல்லாமல் போகமாட்டேன். 1951இல் ஓர் அமெரிக்கப் படத்துக்காக, சதுப்பு நிலத்தில் ஒருவனை முதலை கவ்வும்போது எழும் அலறலைப் பதிவு செய்தார்கள். பதிவு நாடா களஞ்சியத்துக்குப் போனது. இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு படத்தில் காலில் அம்பு பட்ட வில்ஹெல்ம் என்ற சிப்பாய்க்கு அதே குரலைப் பயன்படுத்தினார்கள். எழுபதுகளில் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் அந்த நாடாவைத் தேடி எடுத்து, சிப்பாயின் பெயரால் 'வில்ஹெல்ம் அலறல்' என்று பெயரிட்டார். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வெள்ளைக் கவசக்காரன் ஒருவன் பள்ளத்தில் விழும்போது அதை வைத்தார். அடுத்தடுத்த படங்களிலும் வைத்தார். மற்ற ஒலிக்கலைஞர்களும் எடுத்துக்கொண்டார்கள். உயரத்திலிருந்து விழும்போது யாரோ வயிற்றிலிருந்து எழுப்பும் ஒரு வளைந்த கூச்சல், ஒரு விநாடிதான். ஒரு தடவை அடையாளம் தெரிந்துகொண்டீர்களென்றால் பிறகு விடாது. உருவமில்லாமல், குரலாக மட்டும் ஒருவர் இத்தனை படங்களில் இறந்துகொண்டே இருக்கிறார்.

தமிழ்ப் படத்திலும் இப்போது இது நடக்கிறது. லோகேஷ் கனகராஜின் 'கைதி' 2019இல் வந்தது. அதில் ஜார்ஜ் மரியான் நடித்த நெப்போலியன் என்ற காவலர், மாணவர்கள் சிலரை வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுவதும் காவல் அலுவலகத்தைக் காக்கிறார். பெரிய நாயகர் கிடையாது. 2023இல் அதே இயக்குநரின் 'லியோ' வந்தபோது, தொலைதூரத்து மலைநகரத்தில் நாயகன் குடும்பத்துக்குக் காவலாக அவர் வந்து இறங்கினார். எங்கள் ஊர்த் திரையரங்கில் கைதட்டல் நாயகனுக்கு எழுந்ததைவிட ஒரு பங்கும் குறையவில்லை. முதற்படம் பார்க்காத என் அக்காவுக்கு அவர் வெறும் காவலர். அக்காவுக்குக் கதை எங்கும் தடங்கவில்லை.

நான் ஒளித்துவைத்தலை நிறுத்துப் பார்க்கிற தராசு இதுதான். தெரியாதவருக்கு எதுவும் குறையக்கூடாது. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனையில் 'குருகுஹ' என்ற அவருடைய முத்திரை வரும். பல கீர்த்தனைகளில் இராகத்தின் பெயரையும் வரிக்குள் நுழைத்திருப்பார். ஆனால் அந்தச் சொல் வாக்கியத்தின் பொருளுக்குள் அடங்கியே நிற்கும். இராகம் தெரியாத பக்தருக்கு அது அம்மனின் புகழ். தெரிந்தவருக்கு இரட்டை மகிழ்ச்சி. ஒருவருடைய தட்டில் எடுத்து இன்னொருவருக்கு வைக்கவில்லை.

அண்மைக்காலத்துப் பெரிய படங்கள் பலவற்றில் இந்த அளவு தவறிப்போகிறது என்பது என் மனவருத்தம். பழைய பாத்திரம் வந்தவுடன் இசை ஓங்கி, கைதட்டலுக்காகக் காட்சியே நின்று காத்திருக்கிறது. முந்தைய பத்துப் படங்களைப் பார்க்காதவர் வாசலில் நிற்கவேண்டியதுதான். போதாததற்கு, படம் வெளியான மறுநாளே சிவப்பு வட்டம் போட்டு அத்தனை மறைபொருளையும் பட்டியல் போட்டுத் தந்துவிடுகிறார்கள். அந்தப் பையன் மீன் படத்தைப் பத்துத் தடவை பார்த்துக் கண்டுபிடித்தான் என்று சொன்னேனே, அவனிடம் பட்டியலைக் கொடுத்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மலையேறி என் வீட்டுக்கு வந்திருக்கமாட்டான்.

அவனைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்லவேண்டும். எங்கள் பாடசாலையில் மூன்று ஆண்டுகளாகத் தொடர்கதை போல ஒரு நாடகம் போடுகிறோம். மலையிலிருந்து கிளம்பி வேறு கிரகத்துக்குப் போகிற ஒரு கப்பலின் கதை. ஒவ்வோர் ஆண்டும் கலைவிழாவில் ஒரு பாகம். பிள்ளைகளே எழுதுகிறார்கள், நான் எழுத்துப் பிழை மட்டும் திருத்துகிறேன். கப்பல், அட்டைப் பெட்டிகளை ஒட்டிச் செய்தது. சென்ற ஆண்டு அதன் பக்கவாட்டில் வெள்ளை வர்ணத்தில் ஓர் இலக்கம் எழுதியிருந்தார்கள். கப்பலென்றால் இலக்கம் இருக்கத்தானே செய்யும், நானும் கவனிக்கவில்லை.

நாடகம் பாதி போய்க்கொண்டிருந்தது. கப்பல் முதன்முறையாக மேடைக்குள் நகர்ந்து வந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்தார். அவர் கண்ணாடியைச் சரிசெய்து மேடையைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அந்த வரிசையில் நான்கைந்து பேருக்குப் பரவியது. மற்றவர்கள் கப்பல் கிளம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரை விழுந்த பிறகு பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அது அவனுடைய அம்மாயியின் செக்ரோல் இலக்கம். முப்பத்து மூன்று ஆண்டுகள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் அதைக் கூப்பிடக் கேட்டுக் கையுயர்த்தியவர்.

இந்த ஆண்டு நாடகத்திலும் அந்த இலக்கம் உண்டு என்று சொல்லியிருக்கிறான். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த ஒலிவாங்கியின் முன்னால் அதைச் சொல்லமாட்டேன். கலைவிழா அடுத்த மாதம். அந்த மூன்றாவது வரிசையை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.